மிச்ச ஒளியில் ஐந்து முகங்கள்

கண்காட்சி முடிய மூன்று வாரம் இருக்கும்போது அந்த வேலை என்னிடம் வந்தது. பழந்துணிகளும் தாளில் வரைந்த ஓவியங்களும் வைத்திருந்த கண்காட்சி. அதை உருவாக்கிய ஐந்து பேரை, அவரவர் கை பட்ட காட்சிப்பொருளோடு சேர்த்து உருவப்படம் எடுத்துத் தர வேண்டும். காப்பாட்சியர், துணிகளைச் செப்பனிட்ட பெண், விளக்குகளை அமைத்த மின்பணியாளர், விளக்க அட்டைகளை எழுதிய இளைஞர், கூடத்தின் காவலர் என ஐவர். ஒவ்வொரு படமும் 30க்கு 45 சென்டிமீட்டர் அளவில் அச்சாகும். பல வருடங்களாக முகங்களையே எடுத்து வருபவன் நான். பார்வையாளர் நேரம் முடிந்தபின் இரண்டு மணி நேரம் கொடுங்கள், போதும் என்று சொல்லிவிட்டேன். அன்று எடுத்த 212 படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை.

நிபந்தனைகள் முன்கூட்டியே ஒரு பக்கத் தாளில் வந்திருந்தன. ஃபிளாஷ் கூடாது. முக்காலி கூடாது. வெளியிலிருந்து விளக்கு எதுவும் கொண்டுவரக் கூடாது. முதுகுப்பையை வாசலிலேயே வைத்துவிட வேண்டும். சுவரில் சாயக் கூடாது. எந்தப் பொருளுக்கும் ஒரு மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. படம் எடுத்துக்கொள்பவருக்கும் இதே விதிதான். பிறரிடமிருந்து இரவலாக வந்த மூன்று பொருள்கள் படத்துக்குள் வரவே கூடாது, ஏனென்றால் அவற்றின் சொந்தக்காரர்கள் காட்சிக்கு வைக்க மட்டுமே சம்மதித்திருக்கிறார்கள்.

ஃபிளாஷைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மின்னலுக்குத் துணி வெளுத்துவிடுமா என்று வாதாடுபவர்கள் உண்டு. ஒற்றை மின்னலை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஒளியால் வரும் சேதம் கடன் வட்டிபோல் சேர்ந்துகொண்டே போவது. போன சாயம் இருட்டில் ஓய்வெடுத்தால் திரும்பி வராது. அதனால்தான் துணி, நீர்வண்ணம், சுவடி போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு), எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு 200 லக்ஸ் வரை என்று அருங்காட்சியகங்கள் வரம்பு வைத்துக்கொண்டிருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க: அலுவலக மேசையில் சாதாரணமாக 300 முதல் 500 லக்ஸ் விழும். அதில் பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் நான் வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பத்தில் ஒரு பங்கும் துணிக்காகப் போட்டது, முகத்துக்காக அல்ல. முதல் நாள் இதை நான் யோசிக்கவே இல்லை.

அன்று போட்டது 85 மில்லிமீட்டர் லென்ஸ். முகம் என்றால் என் கை தானாக அதைத்தான் எடுக்கும். வெளிச்சம் குறைவு என்பதால் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, எஃப் 1.8 வரை திறந்தேன். இரண்டு மீட்டர் தூரத்தில் அந்தச் சேர்க்கையில் கூர்மையாக விழும் ஆழம் வெறும் ஆறு சென்டிமீட்டர். காப்பாட்சியரின் கண் கூர்மை, காது மசமசப்பு, அவருக்குப் பின்னால் இருந்த முந்நூறு வருடத் துணி செந்நிறப் புகை. ‘பொருளோடு சேர்த்து’ என்று கேட்டவர்களுக்கு அந்தப் புகையைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது.

அடுத்து ஷட்டர். அமைதியான இடம், சத்தம் வேண்டாமே என்று ஓசையில்லாத மின்னணு ஷட்டருக்கு மாற்றி 1/250 நொடியில் எடுத்தேன். வீட்டில் பெரிய திரையில் திறந்தபோது ஒவ்வொரு முகத்தின் குறுக்கேயும் விபூதிப் பட்டைபோல் வரிகள். எண்ணிப் பார்த்தேன், மேலிருந்து கீழாக ஐந்து. பிறகுதான் கணக்குப் புரிந்தது. மின்னணு ஷட்டர் சென்சாரை ஒரே மூச்சில் படிப்பதில்லை. வரிவரியாகப் படித்துக்கொண்டு இறங்கும். என் பழைய கேமராவுக்கு அடிவரை இறங்க ஏறக்குறைய 1/20 நொடி ஆகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/20 நொடிக்குள் ஐந்து துடிப்பு, படத்தில் ஐந்து பட்டை. நம் கண்ணுக்குத் தெரியாத துடிப்பு அது. கேமராவின் பின்திரையில் படம் சிறிதாகத் தெரிந்ததால் அங்கேயும் தப்பிவிட்டது.

பின்திரை இன்னொரு விதத்திலும் ஏமாற்றியது. இருட்டான கூடத்தில் சின்னத் திரை தீப்பந்தம்போல் பளிச்சிடும். ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளியுணர்திறன், 3200 போதும், படம் வெளிச்சமாகத்தான் இருக்கிறது என்று நம்பினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாமே ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் இருண்டிருந்தன (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). கணினியில் தூக்கிவிட்டால் நிழல்களில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் எழுந்தன. ஐஎஸ்ஓவை ஏற்றி எடுப்பதால் வரும் புள்ளியைவிட, குறைத்து எடுத்துப் பின்னால் தூக்குவதால் வரும் புள்ளி என் கேமராவில் பல மடங்கு அசிங்கமாக இருக்கிறது. படத்தில் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தை ஒருமுறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அன்று நான் வெள்ளைச் சட்டை போட்டுப் போயிருந்தேன். துணிகளைச் செப்பனிட்ட பெண்ணைப் பேழை அருகே நிறுத்தி எடுத்த எல்லாப் படத்திலும், பேழைக்குள் இருந்த அவுரி நீலத் துணியின் மேல் ஒரு வெண்பேய் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

மறுநாள் ஃபோன் செய்து உண்மையைச் சொன்னேன். காப்பாட்சியர் சிரித்துவிட்டு, அடுத்த வாரம் இன்னொரு மாலை தருகிறேன் என்றார். அதற்கு முன் ஒரு நாள் கேமரா இல்லாமல் வந்து போகலாமா என்று கேட்டேன். அந்த ஒரு மணி நேரம்தான் இந்த வேலையின் முதுகெலும்பு.

என்னிடம் பழைய கையடக்க லைட் மீட்டர் ஒன்று இருக்கிறது, வெள்ளைக் குமிழ் வைத்தது. அதை என் முகத்தருகே பிடித்துக்கொண்டு கூடம் முழுக்க நடந்தேன். பேழைக்குள் பொருளின் மேல் 50 லக்ஸ் என்று மின்பணியாளர் சொன்னார். அதே பேழைக்கு முன்னால் ஒரு மீட்டர் தள்ளி நின்றால் முகத்தில் 18, 20. நடைவழியின் நடுவில் 100. சுவரில் மாட்டிய ஓவியங்களுக்கு எதிரே கூரைத் தடத்திலிருந்து விழும் ஸ்பாட் விளக்குகள் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் திருப்பப்பட்டிருந்தன. அருங்காட்சியகங்களில் இது வழக்கமான சாய்வு. பார்ப்பவரின் நிழல் ஓவியத்தில் விழாது, பளபளப்பும் கண்ணில் அடிக்காது. ஓவியத்துக்கு நல்ல கோணம், முகத்துக்குக் கொடுமையான கோணம். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெளிச்சம் தங்கிவிடும். கண்கள் இருண்ட குழிகளாகிவிடும். முதல் நாள் காப்பாட்சியர் மண்டையோடுபோல் தெரிந்ததற்கு அவர் காரணமல்ல.

சுவர் வேறு அடர்பச்சை. அதன் அருகே நின்றவரின் கன்னம் ஒரு பக்கம் பச்சையடித்திருந்தது. சுவரிலிருந்து இரண்டு மீட்டர் விலகினால் அந்தச் சாயல் போய்விடுகிறது என்று, நிறத்தைச் சரிபார்க்க உதவும் ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். மூலையில் அவசர வழி விளக்கு ஒன்று, அதுவும் பச்சை. அதை யாரும் அணைக்க முடியாது. கூடத்தில் எங்கே நின்றாலும் ஏதாவது ஒரு கண்ணாடியில் அது எட்டிப் பார்த்தது.

நான் மீட்டரும் கையுமாக அலைவதைக் காவலர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அறுபதைத் தொடும் வயது. கடைசியில் எழுந்து வந்தார்.

“என்ன தம்பி தேடுகிறீர்கள்?”

“முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் விழுகிற இடம், ஐயா.”

“அதற்கு ஏன் கருவி? ஏழாம் பேழைக்குத் தெற்குப் பக்கம் வாருங்கள். கூட்டம் இல்லாதபோது நான் பேப்பர் படிக்கிற இடம் அதுதான்.”

போய் நின்றேன். மீட்டர் 31 காட்டியது. ஏழாம் பேழை நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த தனிப் பேழை. உள்ளே வெளிர் நிறத் துணி ஒன்று சாய்வுப் பலகையில் விரிக்கப்பட்டிருந்தது. மேலிருந்து விழுந்த ஒளி அந்த வெளிர் துணியிலும் பலகையிலும் பட்டு, கண்ணாடியைக் கடந்து, நிற்பவரின் முகத்துக்குக் கீழிருந்தும் நேரிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. கண்குழி இல்லை. தாடைக்குக் கீழ் கறுப்பு இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தவரின் முகத்தில் விழுமே, அப்படி ஒரு மெல்லிய ஒளி. பொருளுக்குப் போட்ட வெளிச்சத்தின் மிச்சம் எங்கே சிந்துகிறது என்று தேட வேண்டும், ஆளை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். விளக்கை நகர்த்த முடியாத இடத்தில் நகர்த்தக்கூடியவை ஆளும் நானும் மட்டும்தான். இதைக் காவலர் பேப்பர் படித்தே கண்டுபிடித்துவிட்டார்.

அதற்குப்பின் எல்லாப் பேழைகளையும் அந்தக் கண்ணோடு பார்த்தேன். வெளிர் பொருள் உள்ளவை ஒளியைத் திருப்பித் தருகின்றன. கருநிறத் துணி உள்ளவை விழுங்கிவிடுகின்றன. ஐந்து பேருக்கும் ஐந்து இடம் தாளில் வரைந்துகொண்டு வந்தேன்.

கண்ணாடிப் பிரச்சினைக்கு வீட்டில் உட்கார்ந்து கொஞ்சம் கணக்குப் போட்டேன். சாதாரணக் கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பும். முன்புறம், பின்புறம் சேர்த்து 8 சதவீதம். நான் நின்ற நடைவழியில் 100 லக்ஸ். வெள்ளைச் சட்டை அதில் 80 பங்கைத் திருப்பி அனுப்பும். அதில் 8 சதவீதம் என்றால் 6.4. உள்ளே அவுரித் துணிக்குக் கிடைப்பது 50 லக்ஸ். அடர்நிறத் துணி அதில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பினால் 5. ஆக, கண்ணாடியில் தெரிந்த என் சட்டை, உள்ளே இருந்த துணியைவிடப் பிரகாசம்! வெண்பேய் வந்ததில் ஆச்சரியமே இல்லை. கறுப்புச் சட்டை போட்டால் 6.4 என்பது அரைக்குக் கீழே இறங்கிவிடும். ஒளிபிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுப் பூசிய கண்ணாடியாக இருந்தால் இந்தக் கவலை பெருமளவு இல்லை. அங்கே இரண்டு புதிய பேழைகளுக்கு மட்டும்தான் அது இருந்தது. சாய்த்துப் பார்த்தால் மெல்லிய ஊதாச் சாயல் அடித்து அடையாளம் காட்டிவிடும்.

பிரதிபலிப்பை வடிகட்டும் போலரைசரை லென்ஸில் போட்டால் தீர்ந்தது என்று பலரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. 1808-இல் பாரிஸில் மாலூஸ் என்ற பொறியாளர், லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலைக் கால்சைட் படிகம் ஒன்றின் வழியே பார்த்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப, அதில் தெரிந்த இரட்டைப் பிம்பங்கள் மாறி மாறி மங்கின. கண்ணாடியில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்கிறது என்று அதிலிருந்துதான் தெரிய வந்தது. ‘சாய்வாக’ என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறத்தாழ 56 டிகிரி விலகிப் பார்த்தால்தான் போலரைசர் முழுதாக வேலை செய்யும். பேழைக்கு நேரெதிரே நின்றால் அது வெறும் கறுப்புக் கண்ணாடி. ஒன்றரை ஸ்டாப் ஒளியைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். ஐஎஸ்ஓ 10000-இல் திணறுகிறவனை அது 28000-க்குத் தள்ளிவிடும். நான் அதை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

இரண்டாம் மாலை கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. கேமராவின் வெள்ளை எழுத்துகள்மேல்கூடக் கறுப்பு டேப். லென்ஸ் 35 மில்லிமீட்டர், அப்பர்ச்சர் எஃப் 2.8. இரண்டு மீட்டரில் இது 55 சென்டிமீட்டர் ஆழம் கொடுக்கிறது. பின்னால் இருக்கும் பொருள் கொஞ்சம் மென்மையாகத் தெரிந்தாலும் இன்னது என்று அடையாளம் தெரிகிறது. ஒன்றரை மீட்டருக்கு உள்ளே மட்டும் நெருங்கக் கூடாது, மூக்கு பெரிதாகிவிடும். ஷட்டர் பழையபடி இயந்திர ஷட்டர், 1/100 நொடி. விளக்கின் ஒரு முழுத் துடிப்பு ஒவ்வொரு வரிக்கும் கிடைத்துவிடுவதால் பட்டை போய்விட்டது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் இதையே 1/60 அல்லது 1/120 என்று வைத்துக்கொள்ள வேண்டும். முகத்தில் 30 லக்ஸ் விழும் இடத்தில் இந்தக் கணக்குக்கு ஐஎஸ்ஓ 6400 வந்தது. துணிந்து வைத்தேன். ‘சத்தம் வருமே’ என்று பயந்த ஷட்டர் ஓசை, காலியான கூடத்தில் யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

முக்காலி இல்லாமல் 1/100-இல் கை ஆடாமலிருக்க, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை விட்டு முடித்த இடத்தில் மூன்று படம் தொடர்ச்சியாக அழுத்தினேன். பொத்தானை அழுத்தும்போதும் விடும்போதும் விரல் கொஞ்சம் இழுக்கும். நடுவில் உள்ள படம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

அட்டை எழுதிய இளைஞரும் மின்பணியாளரும் பத்து பத்து நிமிடத்தில் முடிந்தார்கள். மின்பணியாளர் தன் ஸ்பாட் விளக்கின் கீழேதான் நிற்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். அங்கே ஒளி 30 டிகிரிச் சாய்வில் தலைமேல் இறங்குகிறது. செப்பனிடும் அறையிலிருந்து அந்தப் பெண் ஒரு வெள்ளை அட்டை கொண்டுவந்து கொடுத்தார், ஓவியங்களுக்குப் பின்னணி வைக்கும் அமிலமற்ற அட்டை. அதை மின்பணியாளரே இடுப்பு உயரத்தில், படத்துக்கு வெளியே வருமாறு தாழ்த்திப் பிடித்துக்கொண்டார். மேலிருந்து விழுந்த ஒளி அட்டையில் பட்டுக் கண்குழிகளுக்குள் ஏறியது. வெளியிலிருந்து விளக்கு கொண்டுவரக் கூடாது என்ற விதியும் மீறப்படவில்லை. முகவாயைக் கொஞ்சம் தூக்கி விளக்கைப் பாருங்கள் என்றேன். தான் திருகிய விளக்கு சரியாக இருக்கிறதா என்று சோதிப்பவரின் பார்வை தானாகவே வந்தது.

காப்பாட்சியருக்கு வெளிர் ஓவியத்தாள்கள் இருந்த நீளப் பேழை. பேழையைக் குனிந்து பார்க்கச் சொல்லிப் பக்கவாட்டிலிருந்து எடுத்தேன். என்னை நேராகப் பார்த்தால்தான் உருவப்படம் என்று நினைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. இங்கே அது உதவவில்லை. பார்வை பொருளின்மேல் விழும் கோணத்தில்தான் பொருளின் ஒளியும் முகத்தில் விழுகிறது.

அதிக நேரம் எடுத்தது துணிகளைச் செப்பனிட்டவரின் படம். அவருக்கு அவுரித் துணியோடுதான் வேண்டும். அதில் எட்டு மாதம் வேலை செய்திருக்கிறார். ஒளியை விழுங்கும் துணி என்று என் தாளில் நான் கோடிட்டு ஒதுக்கியது அதைத்தான். அந்தப் பேழையும் நாற்புறக் கண்ணாடி என்பதால், அவரை மறுபக்கம் நிறுத்தி, இரண்டு கண்ணாடி வழியாக எடுப்பது என்று முடிவானது. இரண்டு கண்ணாடி என்றால் நான்கு பரப்பு, இரண்டு மடங்கு பேய். அனுமதியோடு கேமராவை மட்டும் பேழைக்கு அருகே நீட்டினேன். லென்ஸைச் சுற்றி நான் தைத்து வைத்திருந்த கறுப்புத் துணிப் பாவாடையைக் கண்ணாடியில் படாமல் ஒரு விரற்கடை இடைவெளியில் பிடித்துக்கொண்டேன். என் பக்கத்துப் பிரதிபலிப்பு அத்தனையும் அணைந்தது. மறுபக்கக் கண்ணாடியில் என் பக்கத்துச் சுவர்தான் தெரிந்தது. அடர்பச்சை என்பதால் முதல்முறையாக எனக்கு உதவியது. முகத்தில் 20 லக்ஸ்தான் இருந்தது. ஐஎஸ்ஓவை 10000-க்கு ஏற்றினேன். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றவர், தான் தைத்த ஒரு மூலையைத் தேடிக் கண்ணாடிக்கு அப்பால் குனிந்தார். துணியின் கிழிந்த ஓரம் கீழே மங்கலாக, அதற்கு மேல் அவர் கண்கள். அந்த ஒரு படத்துக்கு 40 நிமிடம் ஆனது.

ஒவ்வொரு இடத்திலும் முதல் படத்தில் சாம்பல் அட்டையை அவர்கள் கையில் கொடுத்து எடுத்திருந்தேன். விளக்குகள் 3000 கெல்வினை ஒட்டிய மஞ்சள் ஒளி. அட்டையை வைத்து முழுதாகத் திருத்தினால் முகம் சரியாகிறது, ஆனால் கூடத்தின் வெதுவெதுப்பு போய் ஆஸ்பத்திரி வராந்தாபோல் ஆகிறது. பாதி வழியில் நிறுத்தினேன். துணியின் நிறம் சரிதானா என்பதை மட்டும் செப்பனிட்டவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டேன். அவர் நீலத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

கடைசியாகக் காவலர், ஏழாம் பேழைக்குத் தெற்கே. நாற்காலியைப் போட்டு, கையில் பேப்பரோடு உட்காரச் சொன்னேன். பேப்பர் வேண்டாம், மேலதிகாரி பார்த்தால் என்ன நினைப்பார் என்று மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நின்றபடியே, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பேழையைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார். மூன்று வருடமாக அங்கே நிற்பவரின் நிற்றல். ஆறே படம்.

அந்தப் படத்தில் அவர் தோளுக்கு மேலே கண்ணாடியில் அவசர வழி விளக்கு பச்சைப் பொட்டாக விழுந்திருந்தது. அச்சுக்கு அனுப்புமுன் அவரிடம் காட்டி, இதைக் கணினியில் அழித்துவிடுகிறேன், இரண்டு நிமிட வேலைதான் என்றேன்.

“அழிக்காதீர்கள் தம்பி,” என்றார். “தினமும் சாயங்காலம் அது எரிகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான்தான்.”

விட்டுவிட்டேன்.